‘நான் யார்?’ பிறந்த கதை

1902ஆம் ஆண்டு. தென்னாற்காடு ஜில்லா கலெக்டர் கச்சேரியில் ரெவினியூ உத்தியோகம் பார்த்துவந்த சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவல் நிமித்தம் திருவண்ணாமலைக்கு வந்தார். கல்லூரியில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். படித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி அவரை விட்டபாடில்லை. மலைமேல் ஒரு குகையில் வாய் திறந்து பேசாத இளம் சாமி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஏறிப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் விரூபாட்ச குகை. பெரிய கோயிலுக்குப் பின்னாலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. விரூபாட்சதேவர் என்ற பழைய காலத்து மகான் ஒருவர் சமாதியான இடம். உள்ளே இன்றும் திருநீற்று மேடாக அவர் இருக்கிறார். அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் பேசாத சாமி வாழ்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அப்போது 22 வயது. ரமணர் என்ற பெயர் இன்னும் வந்திருக்கவில்லை. காவியகண்ட கணபதி முனி அந்தப் பெயரைச் சூட்டியது 1907இல். அதுவரை ஊர் மக்களுக்கு அவர் ‘பிராமண சாமி’தான்.

பிள்ளை அவருக்குச் சில வயது மூத்தவர், படித்தவர், சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆனாலும் வந்ததும் நமஸ்கரித்துவிட்டு அவர் கேட்டது ஒரு சிறு பிள்ளையின் கேள்வி: நான் யார்?

பிழைப்புக்கு வழி, நோய்க்கு மருந்து, பிள்ளை வரம் என்று எதை எதையோ வேண்டி மனிதர்கள் மலை ஏறுவார்கள். இவர் இதைக் கேட்டார். பதில் கிடைத்ததும் அடுத்ததைக் கேட்டார். அதற்கும் கிடைத்தது, அதற்கு அடுத்ததையும் கேட்டார். சாமி பேசவில்லை. அது மௌன விரதம் அல்ல. அப்படி ஒரு விரதம் எடுத்துக்கொண்டதாக அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. பேச வேண்டும் என்று தோன்றவில்லை, பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அதனால் சிலவற்றுக்குக் கையைக் காட்டினார். சிலவற்றுக்குத் தரையில் கிடந்த மணலை உள்ளங்கையால் நிரவி விரலால் எழுதினார். சிலேட்டுப் பலகையும் துண்டுக் காகிதமும் கிடைத்தபோது அவற்றில் எழுதினார்.

மணலில் எழுதுவது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நாலு சொல்லுக்கு மேல் இடம் கொள்ளாது. அடுத்த சொல் எழுத வேண்டுமானால் முந்தியதை அழித்தாக வேண்டும். படிப்பவர் அந்த நொடியிலேயே அதை நெஞ்சுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘நான் யார்?’ என்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் வளவளப்பு இல்லாததற்குக் காரணம் மணல்தான் என்று எனக்குப் படுகிறது. எழுதியவருடைய ஞானம் ஒரு காரணம் என்றால், எழுதிய இடம் இன்னொரு காரணம்.

இதற்குச் சற்று முன்பே, திருவண்ணாமலையில் முனிசிபல் ஓவர்சியராக இருந்த கம்பீரம் சேஷய்யரும் தாம் படித்த யோக நூல்களில் எழுந்த சந்தேகங்களைக் கொண்டுவந்து கேட்டிருந்தார். அவருக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள் பின்னால் ‘விசார சங்கிரகம்’ ஆயின. சேஷய்யருக்குக் கிடைத்த பதில்களில் யோக சாஸ்திரச் சொற்கள் நிறைய இருக்கும், அவர் கேட்டது அப்படி. பிள்ளையின் கேள்விகள் நேரே அடிமரத்துக்குப் போயின. கேட்பவரின் தாகம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர்.

ஆனால் 22 வயதுப் பையனுக்கு இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன? அதற்கு ஆறு வருஷம் பின்னோக்கி, மதுரைக்குப் போக வேண்டும்.

திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யர் 1892இல் காலமானபோது அவருடைய இரண்டாவது மகன் வேங்கடராமனுக்கு வயது 12. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா அழகம்மாள் சின்னக் குழந்தைகளோடு மானாமதுரையில் கொழுந்தன் நெல்லையப்பய்யர் வீட்டில் தங்கினார். மூத்தவன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்கு வந்தார்கள். சொக்கப்ப நாயக்கன் தெரு. மீனாட்சியம்மன் கோயில் கூப்பிடு தூரம். பையன் நல்ல தேகபலம் உள்ளவன். தூங்கினால் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் போட்டாலும் விழிக்காத தூக்கம். அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தான். படிப்பில் பெரிய அக்கறை கிடையாது.

1896 ஜூலை மாதத்தின் நடுவில் ஒரு நாள் வீட்டில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? சித்தப்பாவைக் கூப்பிடுவான், வைத்தியரைக் கூப்பிடுவான், அழுவான். இந்தப் பையன் கூப்பிடவில்லை. சாவு வருகிறதென்றால் வரட்டும், சாவது எது என்று பார்த்துவிடலாம் என்று கீழே படுத்தான். கைகால்களை விறைக்க நீட்டினான். உதட்டை இறுக மூடினான். மூச்சை அடக்கினான். பிணம் எப்படிக் கிடக்குமோ அப்படியே கிடந்தான். இனி இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கொளுத்துவார்கள், சாம்பலாகிவிடும். சரி, அதோடு நானும் போய்விடுவேனா? உடம்பு அசைவில்லாமல் கிடக்கிறது, ஆனாலும் ‘நான்’ என்பது உள்ளே துலக்கமாக இருக்கிறதே!

அந்தக் கேள்வி அங்கே வார்த்தையாகக்கூட உருவெடுக்கவில்லை. ஒரு பார்வையாக, ஒரே பாய்ச்சலாக உள்ளே போனது. சாவு பயம் அன்றைக்கே போயிற்று, மறுபடி அவரிடம் வரவில்லை. 1931இல் வெளிவந்த வரலாற்று நூலுக்காக நரசிம்ம சுவாமி கேட்டபோது அவர் சொன்ன செய்திகளிலிருந்துதான் இவ்வளவும் நமக்குத் தெரியவந்தது. பிள்ளை கேட்ட கேள்விக்கு உரிய பதில், அவர் கேட்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பையனின் விறைத்த உடம்புக்குள் தயாராகிக் காத்திருந்தது. அதை வார்த்தையாக்க ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29ஆம் தேதி. இங்கிலீஷ் இலக்கணப் பாடம் படிக்காததற்குத் தண்டனையாக அதை மூன்று தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதிவிட்டு மூன்றாவதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டான். தம்பிக்கு அது சரியாகவே பட்டது. அண்ணனுடைய காலேஜ் சம்பளம் ஐந்து ரூபாயைக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டான். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அந்தக் கடிதத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், அச்சில். சில வரிகள்தான். ‘நான்’ என்று தொடங்குகிறது. இரண்டாவது வாக்கியத்தில் ‘நான்’ போய் ‘இது’ வந்துவிடுகிறது. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டுப் போகிற அவசரத்தில் எழுதியது, திட்டமிட்டு எழுதியதல்ல. ஆனால் பின்னால் மணலில் எழுதப்போகிற முழுப் புத்தகமும் அந்தத் துண்டுக் கடிதத்துக்குள் இருக்கிறது. ‘நான்’ கிளம்புகிறது, ‘இது’ ஆகிறது, முடிவில் பெயரும் இல்லாமல் போகிறது.

திண்டிவனம் வரைக்கும் ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் மிச்சம் 3 அணா. விழுப்புரத்தில் இறங்கி மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை, அறையணிநல்லூர்க் கோயில், கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு, காதுக் கடுக்கனை அவரிடம் அடகு வைத்துக் கிடைத்த 4 ரூபாய். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. பாதாள லிங்கத்தில் பூச்சிகள் தொடையைக் குதறியதும் தெரியாமல் கிடந்தது, குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று, பிறகு 1899இல் விரூபாட்ச குகை. இதெல்லாம் பலர் அறிந்த கதை.

நான் சொல்ல வந்தது பிள்ளையைப் பற்றி. மணலில் வந்த பதில்களை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார். உடனே அச்சுக்கூடத்துக்கு ஓடவில்லை. ஒரு வருஷமில்லை, இரண்டு வருஷமில்லை, 21 வருஷம் அந்த நோட்டு அவரோடேயே இருந்தது. இதற்குள் அவர் உத்தியோகத்தை விட்டார். வாழ்க்கையில் பெரிய சிக்கல் ஒன்றில் அகப்பட்டு, குருவருளால் அதிலிருந்து மீண்டார். குகையில் இருந்த சாமி 1916இல் கந்தாசிரமத்துக்குப் போனார். அம்மா அழகம்மாள் மகனைத் தேடி வந்து, அவரோடேயே இருந்து, 1922 மே மாதம் 19ஆம் தேதி கண்மூடினார். அன்றைக்கு மகன் ஒரு கையை அம்மாவின் தலையிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு கடைசி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த வருஷம், 1923இல், பிள்ளை நோட்டை அச்சுக்குக் கொடுத்தார். தம்மைக் குருவருள் ஆட்கொண்டதைப் பற்றித் தாமே பாடிய பாட்டுகளோடு சேர்த்து வெளியிட்டார்.

21 வருஷம் ஏன் வைத்திருந்தார்? அவர் கேட்டது ஊருக்காக அல்ல, தமக்காக. கிடைத்ததை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்திருக்கிறார். பதில்களை வாங்கிய கையோடு அச்சிட்டிருந்தால் அது ஒரு படித்த மனிதரின் சேகரிப்பாக இருந்திருக்கும். வாழ்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்ததால் அதற்குக் கனம் வந்தது. இந்தப் புத்தகத்தில் பாதிப் புண்ணியம் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடியார்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல, மூச்சு நானல்ல, மனம் நானல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும் நீளமான ஒரு பகுதி புத்தகத்தின் தொடக்கத்தில் வருகிறது. மணலில் சாமி அவ்வளவு விரிவாக எழுதவில்லையாம். தத்துவம் படித்த பிள்ளை, தமக்குத் தெளிவாக வேண்டும் என்று அதை விரித்து எழுதிக்கொண்டாராம். பின்னால் அதைப் பார்த்த ரமணர் அது பிள்ளை சேர்த்தது என்று சொன்னாரே தவிர, நீக்கச் சொல்லவில்லை. நான் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கச்சேரி உத்தியோகஸ்தரை நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பட்டியல் வேண்டியிருந்தது. நமக்கும் வேண்டியிருக்கிறது.

பிறகு 1920களில் ரமணரே கேள்விகளை எடுத்துவிட்டு, பதில்களைக் கோத்து, முகப்பில் ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்து, ஒரே கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். எல்லா உயிரும் துன்பமில்லாத இன்பத்தைத்தான் நாடுகிறது என்ற இடத்தில் அந்தப் பத்தி தொடங்குகிறது. சாவு பயத்தில் பிறந்த விஷயத்துக்கு அவர் வைத்த வாசல் இன்பம். இன்று கட்டுரை வடிவும் கிடைக்கிறது, வினா விடை வடிவும் கிடைக்கிறது. வினா விடைப் பதிப்பிலும் 28 கேள்வி உள்ளது, 30 கேள்வி உள்ளது என்று வேறுபாடு உண்டு. கட்டுரைதான் ஆசிரியரின் கையால் செப்பமானது, சந்தேகமில்லை. ஆனாலும் முதல் தடவை படிப்பவருக்கு நான் வினா விடையைத்தான் கொடுப்பேன். அதில் பிள்ளையின் குரல் கேட்கும். ஒருவர் தவித்துக் கேட்கிறார் என்பது தெரியும்போதுதான் பதிலின் அருமை தெரிகிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு உவமை வருகிறது: பிணம் சுடும் தடி. ‘நான் யார்?’ என்ற நினைப்பு மற்ற எல்லா நினைப்பையும் எரித்துவிட்டு, பிணம் சுடும் தடியைப் போலக் கடைசியில் தானும் எரிந்துபோகும் என்கிறார். இருபது வயதில் இதைப் படித்தபோது எனக்கு அது ஒரு நல்ல உவமை, அவ்வளவுதான். அந்தத் தடியை நான் பார்த்தது பின்னால்தான்.

என் தாய்மாமா இறந்தபோது எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குப் போயிருந்தேன். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மாமா மகன் போய்விட்டான். உறவுக்காரர்களும் ஒவ்வொருவராக ஆற்றங்கரைக்குக் குளிக்கப் போனார்கள். எனக்கு மாமாவைத் தனியாக விட்டுவர மனமில்லை, நின்றேன். அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு பச்சை மூங்கில் கழியை வைத்திருந்தார். அவரைவிட உயரமான கழி. கட்டை சரிந்தால் அதால் நெம்பி உள்ளே தள்ளினார். எரியாமல் ஒதுங்கியதைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் கழியின் நுனி கருகி, பொரிந்து, செங்கங்காகி உதிர்ந்தது. உதிர உதிரக் கழி குட்டையானது. கழி குட்டையாக ஆக அவர் தீக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் கிளறினார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிளற ஒன்றும் மிச்சமில்லை. கையில் முழம் நீளம்தான் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதையும் தீயில் போட்டார். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு, “கிளம்புங்க சாமி, இனி இங்க ஒண்ணுமில்ல” என்றார்.

அந்த ராத்திரி எனக்கு அந்த வரி புரிந்தது. கழியைப் பத்திரப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுபோகிற வேலை அங்கே கிடையாது. அதன் வேலை முடியும்போது அதுவும் முடிகிறது. ‘நான் யார்?’ என்பதை மந்திரம்போல நூற்றெட்டுத் தடவை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ரமணர் தம்மிடம் வந்தவர்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், இது ஜபிப்பதற்கு அல்ல என்று. கோபம் வருகிறது, யாருக்கு? எனக்கு. அந்த நான் யார்? பயம் வருகிறது, யாருக்கு? எனக்கு. அந்த நான் யார்? ஒவ்வொரு நினைப்பும் கிளம்பும்போது அது யாருக்குக் கிளம்பியது என்று திரும்பிப் பார்ப்பதுதான் கிளறுவது. கழியைக் கையில் வைத்துக்கொண்டு கழி, கழி என்று சொல்லிக்கொண்டிருந்தால் தீ அணைந்துவிடும்.

இன்னொரு உவமையும் எனக்குப் பிடித்தது. ரயில் எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டு போகிறது. அதில் ஏறிய பிறகும் ஒருவர் தம் சின்ன மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று அந்தப் புத்தகம் கேட்கிறது. சாஸ்திரங்களில் ரயில் கிடையாது. மதுரையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த அந்தப் பையனிடம் மூட்டைகூட இல்லை, 3 அணா இருந்தது. அவர் கண்ட ரயில் அது. கேட்டவரும் அலுவல் விஷயமாக ஊர் ஊராகப் போய்வந்தவர். இருவருக்கும் தெரிந்த சாமான்களைக் கொண்டே பேசிக்கொண்டார்கள். ரயில், மூட்டை, குப்பை, நிழல், வெயில், சுடுகாட்டுத் தடி.

பிள்ளை 1948இல் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் ரமணரின் இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நாலு தடவை அறுவை செய்தார்கள். உடம்பு போகப் போகிறது என்று தெரிந்து அடியார்கள் அழுதபோது, நான் எங்கே போவேன், இங்கேதான் இருக்கிறேன் என்ற பொருளில் சொன்னார். மதுரை அறையில் பதினாறு வயதில் கண்டுகொண்டதற்கும் இதற்கும் நடுவில் 54 ஆண்டுகள். சொல் மாறவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு நின்றது.

மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு இன்று ரமண மந்திரம். திருவண்ணாமலையில் விரூபாட்ச குகையும் அப்படியே இருக்கிறது. கிரிவலத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூடத் தங்கி, காலை வெயில் ஏறுவதற்கு முன் குகைக்கு ஏறுங்கள். ‘நான் யார்?’ வினா விடைப் பதிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். ஆனால் அங்கே முழுதும் படிக்க வேண்டாம். முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு, பதிலைப் பார்க்காமல் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். பிள்ளையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.